குமரி மாவட்டத்தில் வீட்டுக் குழாய் இணைப்பு: சேவை எப்படி இருக்கிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குழாய் பதித்து வீட்டு முற்றம்வரை இணைப்பு கொடுக்கும் வேலைக்கு ஐந்தில் நாலு மதிப்பெண். வரும் தண்ணீரின் தரத்துக்கு மூன்று. அளவுக்கும் நேரத்துக்கும் இரண்டரை. பழுதானால் வந்து பார்த்துச் சரிசெய்வதற்கு ஒன்று. நாலும் ஒரே குழாய்க்குக் கொடுத்த மதிப்பெண்கள்தான். கடைசி மதிப்பெண் இவ்வளவு கீழே கிடப்பதற்குக் காரணம் உண்டு. குழாய் போடும் பணம் டெல்லியிலும் சென்னையிலும் முடிவாகிறது. அந்தக் குழாயைக் காப்பாற்றும் வேலை மட்டும் பஞ்சாயத்து அலுவலகத்தில், ஒரேயொரு டேங்க் ஆபரேட்டரின் தலையில் நிற்கிறது. முதலீடு மேலே போன வேகத்தில் பராமரிப்பு போகவில்லை. இந்தச் சேவையில் நல்லது கெட்டது எதைத் தொட்டாலும் அந்த இடத்துக்கே வந்து சேர்கிறோம்.

இணைப்பு யாருக்கு எவ்வளவு தேவை என்பது இடத்துக்கு இடம் மாறும். விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு பக்கம் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், தனித்தனி வீடு, வீட்டுக்கொரு கிணறு. அங்கே குழாய்த் தண்ணீர் மாசி பங்குனியில் கிணறு அடிமட்டத்துக்குப் போகும்போது கைகொடுக்கும் துணை. வெட்டுக்கல் நிலத்துக் கிணற்று நீர் பொதுவாகக் கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது என்பதால் குடிப்பதற்கு மட்டும் குழாயைப் பயன்படுத்துவோரும் உண்டு. ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரையான கடற்கரை ஊர்களில் நிலைமை வேறு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், கிணறு வெட்ட இடமில்லை, வெட்டினாலும் உப்பு. அங்கே குழாய் ஒரு நாள் வரவில்லை என்றால் அன்றைக்குக் குடத்துக்குக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். ஆகவே இந்த மதிப்பீட்டைக் கடற்கரைக் கடைசித் தெருவில் நின்று எழுதுகிறோம். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் நின்று பார்த்தால் எந்தத் திட்டமும் நன்றாகத்தான் தெரியும்.

விண்ணப்பம் போடுமுன் உங்கள் வீடு எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்று பாருங்கள். குமரி மாவட்டத்தில் 9 ஊராட்சி ஒன்றியங்களில் 95 கிராம ஊராட்சிகள்தான். பேரூராட்சிகளோ சுமார் ஐம்பது. அதற்கு மேலே பத்மநாபபுரம், குளச்சல், குழித்துறை, கொல்லங்கோடு முதலான நகராட்சிகள், 2019 முதல் மாநகராட்சியான நாகர்கோவில். வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு தரும் ஜல் ஜீவன் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே. பேரூராட்சி எல்லைக்குள் இருப்பவருக்கு அதில் பங்கில்லை. அவர்களுக்கு 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0 என்ற மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டம் அல்லது மாநில அரசின் நிதி. வேறு மாவட்டக்காரர் எழுதிய ஜல் ஜீவன் குறிப்புகளைப் படித்துவிட்டு இங்கே பேரூராட்சி அலுவலகத்தில் போய் இலவச இணைப்பு கேட்பவர்கள் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான். ஒரே சாலையின் இந்தப் பக்கம் ஊராட்சி, அந்தப் பக்கம் பேரூராட்சி என்று இருக்கும் இடங்களில் இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு கட்டணம், வேறு வேறு நேரம். அளவுகோலும் வேறு: கிராமத்துக்கு ஆளொன்றுக்கு நாளைக்கு 55 லிட்டர், நகர்ப்புறத்துக்கு 135 லிட்டர்.

பணம் வரும் வழியையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் யாரிடம் புகார் சொல்வது என்பது அதைப் பொறுத்தது. ஜல் ஜீவன் 2019 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மத்திய அரசும் மாநில அரசும் பாதிக்குப் பாதி. ஊருக்குள் செய்யும் வேலையின் மதிப்பில் 10 சதவீதம் மக்கள் பங்கு, அதைப் பணமாகவோ உழைப்பாகவோ கொடுக்கலாம். 2024-க்குள் முடிக்கவேண்டிய திட்டம், 2025 மத்திய பட்ஜெட்டில் 2028 வரை நீட்டிக்கப்பட்டது. முடிந்தபின் ஓட்டுவதும் பராமரிப்பதும் ஊராட்சியின் பொறுப்பு. அதற்கு வீட்டுக் கட்டணமும் நிதிக்குழு மானியமும். 15-ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த பணத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது குறித்த செலவுக்கு மட்டுமே எடுக்கக்கூடியது, அதில் பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குடிநீர்ப் பங்கு மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்குக் கட்டும் மொத்தத் தண்ணீர்க் கட்டணத்துக்கும் போனபிறகு வால்வு வாங்க மிச்சமிருப்பது கொஞ்சமே.

கூட்டுக் குடிநீர்த் திட்டங்களை நடத்துவது 1971-இல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். ஆற்றங்கரை உறைகிணறு, சுத்திகரிப்பு நிலையம், பெரிய பம்புகள், மெயின் லைன் எல்லாம் வாரியத்தினுடையவை. ஊராட்சித் தொட்டியின் வாய்வரை தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி, கிலோலிட்டர் கணக்கில் உள்ளாட்சியிடம் பணம் கேட்கும். தொட்டியிலிருந்து உங்கள் குழாய்வரை உள்ளாட்சி. எல்லைக்கோடு அந்தத் தொட்டியின் நுழைவாயில். தண்ணீர் வராதபோது இரண்டு தரப்பும் எதிர்த்தரப்பைக் கைகாட்டும் இடமும் அதுதான். அங்கே தொட்டிக்கு வரும் தண்ணீர் முழுவதையும் அளக்கும் ஒரு மொத்த மீட்டர் இருக்கவேண்டும், ஓடவேண்டும். இருந்தும் ஓடாத மீட்டர்கள்தான் இந்த மாவட்டத்தில் பாதிச் சண்டைக்குக் காரணம்.

இணைப்பு கொடுக்கும் நாளில்

ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வரும் நாளில் கூடவே நில்லுங்கள். குழியை மூடியபிறகு எதையும் பார்க்க முடியாது.

தெருவில் ஓடும் விநியோகக் குழாய் பெரும்பாலும் 63 முதல் 110 மி.மீ. வரையான பிவிசி அல்லது எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக் குழாய். அதன்மேல் சேடில் என்ற கவ்வியை மாட்டி, ஓட்டை போட்டு, ஃபெருல் என்ற இணைப்பு முனையை வைத்து, 20 மி.மீ. குழாயை வீட்டுக்குள் இழுப்பார்கள். ஓட்டையைத் துளைக்கும் கருவியால் போடவேண்டும். அவசரத்துக்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குத்தினால் வட்டம் கோணலாகி, விளிம்பு உருகித் தடித்து, ரப்பர் வளையம் சரியாக உட்காராது. அன்றைக்கு ஒழுகாது. மூன்று மாதத்தில் ஒழுகும். சேடிலின் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கவேண்டும், ஒரு பக்கத்தை முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கவ்வி சரிந்து நிற்கும். துளைத்த பிளாஸ்டிக் பிசிறு குழாய்க்குள்ளேயே கிடந்தால் அது நேராக வந்து மீட்டர் வலையில் அல்லது உங்கள் டேப்பில் அடைத்துக்கொள்ளும். டேப்பை மாட்டுமுன் ஐந்து நிமிடம் தண்ணீரைத் திறந்துவிட்டு அலசச் சொல்லுங்கள்.

ஆழம்தான் இங்கே பெரிய ஏமாற்று. தெருக்குழாயின்மேல் ஒரு மீட்டர் மண் மூடியிருக்கவேண்டும், வீட்டுக்குப் போகும் சிறு குழாய்க்கு ஒன்றரை அடியாவது வேண்டும். மேற்குப் பக்கத்து வெட்டுக்கல் இரும்புபோல் கெட்டி, தோண்டக் கூலி ஏறும். எனவே ஒரு அடியில் நிறுத்திவிட்டுக் குழாயை வைத்து மேலே காங்கிரீட் பூசிவிடுவார்கள். அதைவிடக் கேடு, தோண்டிய கல்லையே குழியில் தள்ளி மூடுவது. கூர்க்கல் ஒன்று குழாயில் முட்டிக்கொண்டு நின்றால், மேலே லாரி போகும் ஒவ்வொரு முறையும் அது குழாயைக் குத்தும். அடியில் நாலு அங்குலம் மணலோ சலித்த மண்ணோ போட்ட பிறகே குழாய் இறங்கவேண்டும்.

குழாய் சாக்கடையைக் கடக்கும் இடத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். சாக்கடைக்குள்ளேயே குழாயைக் கிடத்தியிருந்தால் வேலையை நிறுத்தச் சொல்லத் தயங்கவேண்டாம். அதற்கு மேலாகக் கடத்தி, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) உறைக்குழாய்க்குள் நுழைத்துக் கொண்டுபோகவேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் என்ன நடக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

எச்டிபிஇ குழாய்களை ஒட்டும் இடங்களில் இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் இங்கே பெய்கிறது. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் தூறும். குழாய் முனைகளைச் சுமார் 210 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டும்போது ஈரம் பட்டால், மண் பட்டால், அந்த ஒட்டு நிற்காது. நல்ல ஒட்டில் சுற்றிலும் ஒரே தடிப்பில் இரட்டை விளிம்பு உருண்டு நிற்கும். ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தால் அதை வெட்டிவிட்டு மறுபடி ஒட்டவேண்டும். மழையில் வேலை செய்தால் மேலே தார்ப்பாய் கட்டியே செய்யவேண்டும். குழியை மூடுமுன் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கவேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும் வேலை. பில் போடப்படும் வேலையும்கூட. செய்தார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

டேப் உயரத்தைக் குடம் அடியில் நிற்கும் அளவுக்கு, அதாவது ஒன்றரை இரண்டு அடிக்குள் வையுங்கள். அழகுக்காக மூன்றரை அடியில் வைத்தால் கடைசித் தெருவில் அந்த இரண்டு அடி வித்தியாசமே குடம் நிறைவதற்கும் நிறையாததற்கும் வித்தியாசம்.

எவ்வளவு வருகிறது

நாலு பேர் வீட்டுக்கு 55 லிட்டர் கணக்கில் நாளைக்கு 220 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் கிட்டத்தட்ட 15 குடம். ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் என்று கைபேசியில் நேரம் பாருங்கள். மூன்று நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 5 லிட்டர், 220 லிட்டருக்கு 44 நிமிடம் வேண்டும். அரைமணி நேரமே திறந்துவிட்டால் கணக்கு அங்கேயே தவறிவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தால் ஒரு தடவைக்கு 440 லிட்டர் வரவேண்டும், ஒன்றரை மணி நேரம் ஓடவேண்டும். இந்தக் கணக்கைத் தேதியோடு எழுதிவைத்தால்தான் புகாருக்கு எடை இருக்கும். ‘தண்ணி சரியா வரல்ல’ என்று சொன்னால் பதிவேட்டில் ஏறாது.

வராததற்குக் காரணங்களில் முதலாவது மேடுபள்ளம். குன்றின்மேல் மேல்நிலைத் தொட்டி, சரிவெல்லாம் வீடுகள், நடுவில் ஒரு பள்ளம், அதற்கப்பால் இன்னொரு மேடு. இதுதான் குமரியின் நிலம். வால்வைத் திறந்ததும் பள்ளத்து வீடுகள் மொத்தத்தையும் இழுத்துக்கொள்ளும், எதிர்மேட்டு வீட்டுக் குழாயில் காற்று மட்டும் சீறும். தரைத்தளம் மட்டுமே உள்ள வீட்டுக்குக் குழாயில் 7 மீட்டர் உயர அழுத்தம் மிஞ்சவேண்டும் என்பது பொறியாளர்களின் விதி. அதைச் சாதிக்க மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தனித்தனி வால்வு, தனித்தனி நேரம் வேண்டும். வரைபடத்தில் அந்த வால்வுகள் இருக்கும். நிலத்தில் அவற்றின் மூடி தார்ச்சாலைக்கு அடியில் போயிருக்கும். சாலை போடும் துறைக்குக் குடிநீர் வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியாது, தெரியப்படுத்த ஊராட்சியில் ஆளும் இல்லை.

குழாயின் மேட்டு முனைகளில் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றும் ஏர் வால்வு இருக்கவேண்டும். இல்லாவிட்டால், அல்லது துருப்பிடித்து நின்றுவிட்டால், காற்று முட்டுக்கட்டையாக நின்று தண்ணீரை மறிக்கும். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் டேப் புஸ்ஸென்று ஊதுவது இதன் அடையாளம். அந்தக் காற்றிலும் மீட்டர் ஓடும். ஏர் வால்வு மாற்றுவது பெரிய செலவில்லை. ஆனால் எந்தெந்த இடத்தில் அது வேண்டும் என்று பார்த்துச் சொல்லக்கூடிய ஃபிட்டர் ஊராட்சிக்கு ஒருவர்கூடக் கிடையாது.

மூன்றாவது, மோட்டார். குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுவது சட்டவிரோதம், இணைப்பைத் துண்டிக்கலாம். எல்லோரும் அறிந்தது, எல்லாத் தெருவிலும் நடக்கிறது. அண்டை வீட்டுக்குத் தண்ணீர் போகாது என்பதோடு இது முடியவில்லை. அழுத்தமில்லாத குழாயில் மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிறது. ஒழுகும் சேடில் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சுற்றியுள்ள நீரை உள்ளே இழுக்கும். அந்த சேடில் சாக்கடைக்குள் கிடந்தால் உள்ளே வருவது சாக்கடைதான். நாள் முழுதும் அழுத்தத்தோடு நிற்கும் குழாயில் ஒழுக்கு வெளியே போகும். விட்டுவிட்டு ஓடும் குழாயில் ஒழுக்கு உள்ளேயும் வரும். விட்டுவிட்டு வரும் தண்ணீரை முதல் சில நிமிடம் குடிக்கப் பிடிக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

மின்சாரக் கணக்கும் இதில் சேர்ந்தது. ஒரு லட்சம் லிட்டரை 60 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, பம்பும் மோட்டாரும் சேர்ந்து 60 சதவீதத் திறனில் ஓடினால் சுமார் 27 யூனிட். தேய்ந்துபோன பம்பு 40 சதவீதத்தில் ஓடினால் 41 யூனிட். தினமும் 14 யூனிட் வீண். புது பம்பு வாங்க மானியம் உண்டு. பழைய பம்பின் தேய்ந்த இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் உள்சக்கரத்தை) மாற்ற நிதித் தலைப்பு கிடையாது. ஆகவே பம்பு எரியும்வரை ஓட்டுவார்கள், எரிந்தபின் புதுசு கேட்டு எழுதுவார்கள், வரும்வரை ஊர் காத்திருக்கும். முதலீட்டுக்குப் பணம் இருந்து பராமரிப்புக்கு இல்லாதபோது நடப்பது இதுவே.

ஒழுக்கைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இரவு பத்து மணிக்குத் தொட்டியை நிரப்பி, உள்ளே வரும் வால்வை அடைத்து, ஊரின் வால்வுகளைத் திறந்தே வைத்து, நீர்மட்டத்தைக் குறியுங்கள். காலை நாலு மணிக்கு மறுபடி பாருங்கள். 6 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 10 செ.மீ. இறங்கினால் சுமார் 2,800 லிட்டர் போயிருக்கிறது. ஊர் தூங்கும் நேரத்தில் அவ்வளவும் ஏறக்குறைய ஒழுக்குதான். பிறகு ஒவ்வொரு தெரு வால்வாக அடைத்து அடைத்துப் பார்த்தால் எந்தத் தெருவில் என்று பிடிபடும். ஊராட்சிச் செயலரும் டேங்க் ஆபரேட்டரும் இரண்டு இரவு விழித்திருந்தால் போதும்.

தண்ணீரின் தரம்

ஆற்றிலிருந்து வரும் தண்ணீர் இயல்பிலேயே மென்மையானது, கரைந்த உப்பு குறைவு. இந்த விஷயத்தில் குமரி மாவட்டம் கொடுத்துவைத்தது. கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, குழித்துறைத் தாமிரபரணியின் கடைப்பகுதி. பல ஆண்டு மணல் அள்ளியதில் ஆற்றுப்படுகை தாழ்ந்து, கோடையில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறியது. அதைத் தடுக்கத்தான் பரக்காணியில் தடுப்பணை கட்டினார்கள். அணை பழுதுபட்டால் மேலே உள்ள உறைகிணறுகள் உப்பாகும். முதலீடு எவ்வளவு பெரிதானாலும் அதன் ஆயுள் பராமரிப்பில் இருக்கிறது என்பதற்கு அந்த அணையைவிடப் பக்கத்துச் சாட்சி வேண்டியதில்லை. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி. வரை நல்லது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி என்பது ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தரம். இந்த உப்பை அளக்கும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள், கோடையில் வாரம் ஒருமுறை.

இரண்டாவது இடம் உங்கள் ஊர்த் தொட்டி. தொட்டியை மாதம் இரண்டு தடவை கழுவவேண்டும், தினமும் குளோரின் சேர்க்கவேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 4 முதல் 5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு அரைக் கிலோ. பவுடரை வாளியில் களிபோலக் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றவேண்டும். பொட்டலத்தை அப்படியே கொட்டினால் அடியில் சுண்ணாம்பு கெட்டிப்படும், குளோரின் கலக்காது. இதைவிட முக்கியம், புதுப் பவுடரில் 33 சதவீதம் இருக்கும் குளோரின் நம் கடற்கரை ஈரக்காற்றில் திறந்த சாக்கில் கிடந்தால் வேகமாகப் பறந்துவிடும். கணக்குப்படி அரைக் கிலோ போட்டாலும் உள்ளே ஒன்றும் இருக்காது. கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரின் மிஞ்சவேண்டும். குளோரினைச் சோதிக்கும் குளோரோஸ்கோப் பெட்டியில் இரண்டு சொட்டு மருந்து விட்டால் நிறம் காட்டிவிடும். ஊராட்சியில் களச் சோதனைப் பெட்டி கொடுத்து ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தரவேண்டும் என்பது ஜல் ஜீவன் விதி. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது, மருந்து காலாவதி ஆகவில்லையா என்று கேளுங்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சிறு புட்டியும் அதில் உண்டு. தண்ணீரை நிரப்பி மூடி ஒன்றிரண்டு நாள் வைத்தால் மலக்கிருமி உள்ள நீர் கறுக்கும். கறுத்தால் கொதிக்கவைத்தே குடியுங்கள், அன்றே எழுதிக் கொடுங்கள்.

நாகர்கோவில்

மாநகராட்சியைத் தனியே சொல்லவேண்டும். நகருக்குத் தண்ணீர் தரும் முக்கடல் அணையின் முழு உயரம் 25 அடி. கோடையில் செய்தித்தாள்களில் அதன் மட்டம் மைனஸில் வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மதகு மட்டத்துக்கும் கீழே இறங்கிய நீரை மோட்டார் வைத்து இறைக்கும் நிலை அது. வளர்ந்துவிட்ட ஊருக்கு அந்த ஒரு அணை போதவில்லை. அம்ருத் நிதியில் புத்தன் அணையிலிருந்து குழாய் வழியே தண்ணீர் கொண்டுவந்தது சரியான முதலீடு. முன்பு வறட்சியில் அனந்தனாறு கால்வாயில் திறந்துவிட்டு வழியெல்லாம் இழந்து கொண்டுவந்ததை நினைத்தால் இந்தக் குழாய்க்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் மூல நீர் கூடியதால் மட்டும் தெருவில் நேரம் கூடிவிடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்களும் துருப்பிடித்த இரும்புக் குழாய்களும் இருக்கும் தெருவில் அழுத்தத்தைக் கூட்டினால் ஒழுக்குத்தான் முதலில் கூடும். விநியோகக் குழாய் மாறிய தெருவா என்று தெரிந்துகொண்டு இணைப்பு மாற்றுங்கள். பழைய, புதிய இரண்டு லைனிலும் இணைப்பு கிடந்தால் பழையதைத் தெருமுனையிலேயே அடைக்கச் சொல்லுங்கள். வீட்டு முனையில் அடைத்தால் நடுவில் இருக்கும் குழாய் ஒழுகிக்கொண்டே கிடக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் கொடுத்தால்?

களியக்காவிளை தாண்டினால் ஏற்பாடு வேறு. கேரளத்தில் 1984 முதல் கேரள நீர் ஆணையம் பெருமளவு கிராமங்களிலும் ஆற்றிலிருந்து வீட்டு மீட்டர்வரை தானே நடத்துகிறது, பில்லும் தானே போடுகிறது. 2023 பிப்ரவரியில் லிட்டருக்கு ஒரு பைசா கூட்டியபோது அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அது ஒரு பெரிய வசதி.

நாடு முழுவதுக்கும் ஒரே நிறுவனம் என்று போனவர்கள் அயர்லாந்துக்காரர்கள். 2013-இல் சட்டம் போட்டு, 2014 ஜனவரி 1 முதல் 34 உள்ளாட்சிகளின் குடிநீர், கழிவுநீர்ப் பொறுப்பை ஐரிஷ் வாட்டர் என்ற தேசிய நிறுவனத்துக்கு மாற்றினார்கள். காரணம் நியாயமானது. குழாயில் விட்ட தண்ணீரில் கிட்டத்தட்ட பாதி வீடு சேராமல் ஒழுகியது, சிறு உள்ளாட்சிகளால் பெரிய முதலீடு செய்ய முடியவில்லை. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்தார்கள். கட்டணத்துக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2016-இல் கட்டணம் நிறுத்தப்பட்டது, கட்டியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. ஆனாலும் நிறுவனம் நின்றது, முதலீட்டை ஒரே திட்டமாகப் போட்டது, ஒழுக்கும் படிப்படியாகக் குறைந்தது.

நமக்குப் பாடம் வேறிடத்தில் இருக்கிறது. சொத்தும் முதலீடும் தேசிய நிறுவனத்துக்குப் போயின, நிலையங்களை ஓட்டிய ஆட்களோ 12 ஆண்டு ஒப்பந்தத்தின்கீழ் உள்ளாட்சி ஊழியர்களாகவே தொடர்ந்தார்கள். 2019 அக்டோபரில் டப்ளினுக்கு அருகே லீக்ஸ்லிப் சுத்திகரிப்பு நிலையத்தில் எச்சரிக்கை மணி அடித்தும் உரிய நேரத்தில் நடவடிக்கை இல்லை. சுமார் ஆறு லட்சம் பேர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க நேர்ந்தது. 2021-இல் கோரி என்ற ஊரில் கிருமி நீக்கம் தவறி, தகவல் மேலே போகத் தாமதமாகி, 52 பேர் நோயுற்றது உறுதியானது. பணம் ஒருவரிடம், ஆள் இன்னொருவரிடம் என்றால் பிசகு நடுவில்தான் வரும். நம் ஊர்த் தொட்டி வாயிலில் நடப்பதும் அதுவே.

இந்தியாவில் குடிநீர் அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 17-ஆவது இனம். அயர்லாந்துபோல் ஒரே தேசிய நிறுவனம் இங்கே எளிதில் வராது, வரவேண்டும் என்றும் நாங்கள் கேட்கவில்லை. கேட்பது சிறிது. ஒன்றியத்துக்கு ஒரு பராமரிப்புக் குழு: இரண்டு ஃபிட்டர், ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு வண்டி, 63 முதல் 160 மி.மீ. வரை கப்ளர் (குழாய்களை இணைப்பது), சேடில், ஏர் வால்வு கையிருப்பு. 9 ஒன்றியத்துக்கு 9 குழு. ஊராட்சிகள் தங்கள் குடிநீர் மானியத்தில் ஒரு பங்கைச் சேர்த்துப் போட்டால் நடத்தலாம். வாரியம் தொழில்நுட்ப மேற்பார்வை தரலாம். பேரூராட்சிகளும் சேர்ந்தால் செலவு இன்னும் இறங்கும்.

புகார் கொடுப்பவர்களுக்கு

கிராம ஊராட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்டோர் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். அதன்பின் புகாரைச் செயலரிடம் மட்டும் கொடுத்து நின்றுவிடக் கூடாது. ஒன்றிய வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒரு நகல் போகவேண்டும். தொட்டிக்கே தண்ணீர் வராத பிரச்சினை என்றால் குடிநீர் வாரியத்தின் பராமரிப்புப் பிரிவுக்கும். எழுதும்போது தேதி, நேரம், குடம் நிறைந்த நிமிடம், எத்தனை நிமிடம் ஓடியது, டிடிஎஸ் அளவு, ஒழுகும் இடத்தின் அருகே உள்ள மின்கம்பத்தின் எண், இவ்வளவும் இருக்கட்டும். மின்கம்ப எண் இருந்தால் புதிதாக வரும் ஃபிட்டரும் இடத்தைத் தேடி அலையமாட்டார். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை. அதில் மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கென்றே உள்ளது. அன்றைக்கு மூன்று தாள்களை மேசையில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்: தொட்டி வாயில் மொத்த மீட்டரின் மாதவாரி வாசிப்பு, வாரியம் போட்ட பில், தொட்டி கழுவிய தேதிப் பதிவேடு. மீட்டர் ஓடவில்லை என்று பதில் வந்தால், புதுத் தெருவுக்குக் குழாய் கேட்கும் தீர்மானத்துக்கு முன்னால் அந்த மீட்டரை மாற்றும் தீர்மானத்தை எழுதச் சொல்லுங்கள்.